நாலு பேர் போட்ட கையெழுத்து

ஞாயிற்றுக்கிழமை காலை காக்ஸ் டவுன் மார்க்கெட்டிலிருந்து காய்கறிப் பையுடன் திரும்பியபோது எதிர்வீட்டுக்காரர் என் வாசலில் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். முகத்தில் கவலை இருந்தாலும் அதோடு ஒரு நம்பிக்கையும் தெரிந்தது. உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஃபைலைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

"கொஞ்சம் வழி இருக்குன்னு எழுதியிருக்காங்க ஸார். மூணு வாரமாச்சு, கூப்பிடவே இல்லை. நானே போய்ப் பார்க்கலாமா, இல்லை அவங்களே கூப்பிடுவாங்களா? படிச்சுச் சொல்லுங்க."

ஒரு சீட்டுக் கம்பெனியின் கடிதம் அது. நண்பர் ஒருவருக்கு இவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் சீட்டை எடுத்துவிட்டுத் தவணை கட்டாமல் நின்றுவிட்டார். பாக்கி முழுவதையும் கட்டும்படி இவருக்கு நோட்டீஸ் வந்தது. 'என் பங்கை மட்டும் கட்டுகிறேன், வட்டியைக் குறையுங்கள்' என்று இவர் எழுதியிருந்தார். அதற்குத்தான் இந்தப் பதில். நாலே வரி. நடுவில் இருந்த வரி இது: 'தேர் ஈஸ் லிட்டில் ஸ்கோப் ஃபார் கன்சிடரிங் யுவர் ரிக்வெஸ்ட்.'

வழி இல்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

"லிட்டில்னா கொஞ்சம்தானே ஸார்?"

அவர் கேள்வியிலேயே பதில் இருந்தது. அந்தத் 'தான்' என்பதில்.

'கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் நாம் கடன் கேட்க வாய் திறக்கிறோம். 'கையில் கொஞ்சம்தான் பணம் இருக்கிறது' என்றால் திறந்த வாயை மூடிக்கொள்கிறோம். இரண்டு பேர் பையிலும் இருப்பது அதே 500 ரூபாயாக இருக்கலாம். தொகை மாறவில்லை. சொல்கிறவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்பதுதான் மாறுகிறது. முதலாமவர் இருப்பதைப் பார்க்கிறார். இரண்டாமவர் இல்லாததைப் பார்க்கிறார்.

தமிழில் இந்த வேலையைச் சொல்லின் வாலில் ஒட்டும் 'தான்', 'ஏ', 'ஆவது' போன்ற சின்ன இடைச்சொற்கள் செய்கின்றன. ஆங்கிலத்தில் அதே வேலை சொல்லுக்கு முன்னால் நடக்கிறது. 'அ லிட்டில்' என்றால் கொஞ்சம் இருக்கிறது. வெறும் 'லிட்டில்' என்றால் கொஞ்சம்தான், கிட்டத்தட்ட இல்லை. 'அ ஃபியூ', 'ஃபியூ' இரண்டும் அப்படியே. 'அ ஃபியூ' பேர் வந்தார்கள் என்றால் கூட்டத்துக்குச் சிலர் வந்தார்கள், நடத்தலாம். 'ஃபியூ' பேர் வந்தார்கள் என்றால் யாருமே வரவில்லை என்று சொல்லக் கூசுகிறவர் அப்படிச் சொல்கிறார். ஆங்கில இலக்கணமே இந்த 'ஃபியூ'வை எதிர்மறையாகத்தான் நடத்துகிறது. 'அவர் வரவில்லை' என்ற வாக்கியத்தின் முடிவில் 'வந்தாரா என்ன?' என்று எந்த வகை வால் கேள்வி சேருமோ, அதே வகைதான் 'ஃபியூ' வரும் வாக்கியத்துக்கும் சேரும்.

தமிழில் ஆங்கிலத்தின் 'அ'வுக்கு இணையான தனிச்சொல் கிடையாது. தேவைப்பட்டால் 'ஒரு' போட்டுக்கொள்கிறோம், இல்லாவிட்டால் விட்டுவிடுகிறோம். ஆகவே ஆங்கிலம் எழுதும்போது நம் கையிலிருந்து முதலில் உதிர்வது இந்த 'அ'தான். படிக்கும்போதும் கண் அதைத் தாண்டிப் போகிறது. அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. எதிர்வீட்டுக்காரர் மூன்று வாரம் டெலிபோன் மணிக்குக் காத்திருந்தது, அங்கே இல்லாத ஒரு 'அ'வை இருப்பதாக நினைத்து.

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் பாடம் நினைவிருக்கும். 1930களில் வெளிவந்த அந்தப் புத்தகம் இன்றும் இந்தியா முழுவதும் விற்கிறது. 'லிட்டில், அ லிட்டில், தி லிட்டில்' என்று மூன்றையும் வரிசையாக வைத்து விளக்கியிருப்பார்கள். நாமும் மனப்பாடம் செய்து கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க் வாங்கியிருப்போம். கோடிட்ட இடம் கம்பெனிக் கடிதத்தில் வராது என்பதுதான் சிக்கல்.

நான் இருபது வருஷத்துக்கு மேல் மாலை வேளைகளில் என் வீட்டுத் தாழ்வாரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். காக்ஸ் டவுனில் அப்படியொரு தொழிலுக்குப் பஞ்சம் கிடையாது. கன்டோன்மென்ட் பகுதி 1881 முதல் 1947 வரை பிரிட்டிஷ் நேரடி நிர்வாகத்தில் இருந்தது. மெட்ராஸ் ராணுவத்தின் பின்னால் வந்த தமிழர்கள், வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், உருது பேசும் வியாபாரிகள், கன்னடக்காரர்கள், தெலுங்கர்கள் எல்லோரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியிருந்த இடம். வீலர் ரோட்டில் ஒரு கிலோ மீட்டர் நடந்தால் நாலு மொழி காதில் விழும். இங்கே நாலு என்பதை எண்ணியே சொல்கிறேன்.

அளவுச் சொற்களுக்குப் பெங்களூர் பொல்லாத ஊர். 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பது இந்த நகரத்தின் தாரக மந்திரம். ஸ்வல்ப என்றால் கொஞ்சம். பஸ்ஸில் மூன்று பேர் உட்கார்ந்த சீட்டில் நாலாவது ஆள் 'ஸ்வல்ப' என்று சொல்லி உட்காரும்போது அது ஆறு அங்குலம். வீட்டுக்காரர் வாடகை விஷயத்தில் சொல்லும்போது அது 2,000 ரூபாய். இதையெல்லாம் யாரும் நமக்குப் பாடமாகச் சொல்லித்தரவில்லை. சொல்கிறவர் முகத்தைப் பார்த்து அளவு தெரிந்துகொள்கிறோம். தமிழிலும் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்னும்போது அந்த நாலு பேர் யார் யார் என்று யாரும் கேட்பதில்லை. 'ரெண்டு வார்த்தை பேசணும்' என்று மேடையேறுகிறவர் முக்கால் மணி நேரம் பேசுகிறார். பொறுத்துக்கொள்கிறோம், முதல் வார்த்தையிலேயே தெரிந்ததுதான்.

அதே நாம் ஆங்கிலத்துக்கு வந்தவுடன் கணக்குப் பிள்ளை ஆகிவிடுகிறோம். எதிர்வீட்டுக்காரரின் மகள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். என்னிடம் படித்த பெண். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் 'அ கப்பிள் ஆஃப்' பிழைகள் இருப்பதாக எழுதினாராம். இவள் தேடி இரண்டைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, முடிந்தது என்று பதில் போட்டுவிட்டாள். அவர் மனதில் இருந்தது ஐந்து. 'கப்பிள்' என்றால் ஜோடிதானே அங்கிள் என்று வந்து கேட்டாள். நம் 'ரெண்டு வார்த்தை'யில் வரும் ரெண்டு மாதிரிதான் அது என்று சொன்னதும் சிரித்துவிட்டாள். 'குவைட் அ ஃபியூ' இதைவிட மோசம். ஃபியூ என்றால் குறைவு, குவைட் என்றால் மிக, ஆக மிகக் குறைவு என்று கூட்டிப் பார்ப்பவர் ஏமாந்தார். அதன் பொருள் நிறைய, கணிசமாக. 'சம் 200 பேர்' என்ற செய்தியைச் 'சில 200 பேர்' என்று மொழிபெயர்த்த உதவி ஆசிரியர்களைப் பத்திரிகை உலகம் அறியும். அங்கே 'சம்' என்றால் சுமார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். எதிர்வீட்டுக்காரர் ஃபைலிலிருந்து எடுத்த இரண்டாவது காகிதத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அது ஜாமீன் பத்திரத்தின் நகல். சீட்டு 5 லட்சம். மாதம் 10,000 வீதம் 50 மாதம். நண்பர் எட்டாவது மாதமே ஏலத்தில் எடுத்துவிட்டார். சீட்டு எடுத்தவர் மீதித் தவணைகளுக்குத் தகுந்த ஜாமீன் தர வேண்டும் என்று 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் சொல்கிறது. நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். 26 மாதம் வரை தவணை ஒழுங்காகப் போயிற்று. பிறகு நின்றது. மீதி 24 தவணை, 2,40,000 ரூபாய்.

"நாலு பேர் ஸார். ஆளுக்கு அறுபதாயிரம். அதைக் கட்டிடறேன்னுதானே எழுதினேன். மொத்தத்தையும் என்கிட்டயே கேட்டா எப்படி?"

பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. ஜாமீன்தாரர்களாகிய நாங்கள் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' பொறுப்பேற்கிறோம். அந்த வரியின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இது என்ன கோடு?" என்றேன்.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பொண்ணுகிட்ட காட்டினேன் ஸார். அவ படிச்சுட்டு, பல பேர் சேர்ந்து பொறுப்பு எடுத்துக்கறாங்கன்னு அர்த்தம்னு சொன்னா. பல பேர்னா பங்கு பிரியும்தானே?"

அந்தப் பெண்ணுக்குச் 'செவரல்' என்றால் 'பல' என்று சொல்லிக்கொடுத்தவன் நான். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது. 'ஃபியூ - சில, செவரல் - பல, மெனி - பல, நிறைய' என்று இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து எழுதிப் போட்டிருப்பேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த அட்டவணையைத்தான் போட்டிருக்கிறேன். அதில் தவறு ஒன்றும் இல்லை, தேர்வுக்கு அது போதும். ஆனால் 'செவரல்' என்ற சொல் 'பல' என்ற பொருளில் பிறக்கவில்லை. லத்தீனில் தொடங்கி பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் 'தனியான', 'பிரிந்த' என்பது. நாம் தினமும் சொல்லும் 'செபரேட்' அதற்கு உறவு. தனித்தனியாகப் பல என்ற நிலையிலிருந்து, தனித்தனி என்பது தேய்ந்து பல என்பது மட்டும் பேச்சு வழக்கில் தங்கிவிட்டது. வக்கீல்களின் ஆங்கிலம் மட்டும் பழைய பொருளை விடவில்லை. அங்கே 'செவரலி' என்றால் தனித்தனியாக.

அப்படியானால் பொறுப்பு நாலாகப் பிரிகிறதா? அதுதான் இல்லை. தமிழ்ப் பத்திரங்களில் இதைக் 'கூட்டாகவும் தனித்தனியாகவும்' என்று எழுதுவார்கள். கன்னடத்தில் 'ஜண்டியாகி மத்து ப்ரத்யேகவாகி'. நாலு பேரும் சேர்ந்தும் முழுக் கடனுக்குப் பொறுப்பு. ஒவ்வொருவரும் தனியாகவும் முழுக் கடனுக்குப் பொறுப்பு. பிரிவது ஆட்கள்தான், கடன் பிரிவதில்லை. கம்பெனி நாலு பேரையும் கேட்கலாம், இரண்டு பேரைக் கேட்கலாம், யாரிடம் சுலபமாக வசூலாகுமோ அந்த ஒருவரையே பிடிக்கலாம்.

எதிர்வீட்டுக்காரர் பொதுத்துறை ஊழியர். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிறது. மாதா மாதம் வங்கியில் சம்பளம் விழுகிறது. நாலு பேரில் அவரைப் பிடித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஜாமீனுக்குச் சம்பளக்காரர் வேண்டும் என்று சீட்டுக் கம்பெனிகள் கேட்பது இதற்காகத்தான். வசூல் உத்தரவு கிடைத்தால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கும் போக, எஞ்சிய மூன்றில் ஒரு பங்கை ஜப்தி செய்ய சிவில் நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது. மளிகைக் கடைக்காரரிடமோ ஆட்டோ ஓட்டுபவரிடமோ அப்படிக் கை வைக்க முடியாது.

"கடன் வாங்கினவனை முதல்ல கேட்கட்டுமே ஸார். அவன் பேர்ல வீடு இருக்கு."

எல்லோருக்கும் முதலில் தோன்றும் நியாயம் இதுதான். எனக்கும் தோன்றியது. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அன்று மாலையே அழைத்துப் போனேன். அவர் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தை எடுத்துப் போட்டார். 128ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். ஒரு அங்குலம் குறைவில்லை. கடனாளியிடம் எல்லா வழியையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்பதில்லை என்று 1968இல் பாங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடன் கொடுத்தவர் அப்படி அலைய வேண்டுமென்றால் ஜாமீன் வாங்கியதற்கே பயனில்லாமல் போகும் என்பது வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்தவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். பத்திரத்தில் 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி' என்ற வார்த்தையே இல்லாவிட்டாலும் இந்தியாவில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. பலர் சேர்ந்து ஒரு வாக்குக் கொடுத்தால், அவர்களில் யாரை வேண்டுமானாலும் முழுவதையும் நிறைவேற்றச் சொல்லலாம் என்று அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு சொல்கிறது. நம்மைத் தப்பவைக்க வேண்டுமானால் 'என் பொறுப்பு 60,000 ரூபாய் வரைதான்' என்று பத்திரத்திலேயே எண்ணால் எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுத எந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளும் என்று கேட்டேன். ஒப்புக்கொள்ளாது, அப்போதாவது விஷயம் என்னவென்று தெரிந்திருக்கும் என்றார்.

ஆளுக்கு அறுபதாயிரம் என்ற கணக்கு முழுக்கத் தப்பில்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. அது கம்பெனிக்கும் ஜாமீன்தாரர்களுக்கும் நடுவே செல்லாது. ஜாமீன்தாரர்களுக்குள் செல்லும். முழுவதையும் ஒருவர் கட்டினால் மற்றவர்களிடம் சமபங்கு கேட்டு வாங்க 146ஆவது பிரிவு உரிமை தருகிறது. கட்டிய தொகை முழுவதையும் கடனாளியிடமிருந்தே வசூலிக்கவும் வழி உண்டு. முதலில் கட்டிவிட்டு, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டத்தில் இது இரண்டே வரி. நடைமுறையில் கட்டுவது ஒரு மாதத்தில் முடிகிறது, வாங்குவதற்கு வருஷக்கணக்கில் ஆகிறது.

கம்பெனி ஏற்கெனவே சீட்டுப் பதிவாளரிடம் மனுப் போட்டிருந்தது. இந்த மாதிரித் தகராறுகள் சிவில் கோர்ட்டுக்குப் போவதில்லை, பதிவாளர் முன்புதான் போகும். ஒத்திப்போட்டால் வட்டி ஏறும் என்பதால் தவணையில் கட்டச் சம்மதித்து எழுதிக் கொடுப்பது என்று முடிவாயிற்று. கடிதத்தை நான் எழுதினேன். கேட்கும் அவகாசத்துக்கு 'அ ஃபியூ மன்த்ஸ்' என்று எழுதவில்லை. 24 மாதம், மாதம் 10,000 என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஏழு தவணை கட்டியிருக்கிறார். மற்ற மூன்று ஜாமீன்தாரர்களில் ஒருவர் யோக்கியர். கேள்விப்பட்டதும் தானாக வந்து இருபதாயிரம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தீபாவளிக்குள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் ஓசூருக்குக் குடிபோய்விட்டார், போனை எடுப்பதில்லை. மூன்றாமவர் போன வருஷம் இறந்துவிட்டார். அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து பங்கு கேட்கலாம் என்றார் வக்கீல். அந்தம்மா இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தையல் மெஷின் ஓட்டுகிறார், அங்கே போய் எப்படி நிற்பது என்று எதிர்வீட்டுக்காரர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

அவர் மகள் ஒரு நாள் வந்து என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். தான் தப்பாகப் படித்துச் சொன்னதால்தான் அப்பா கையெழுத்துப் போட்டார் என்பது அவள் எண்ணம். அட்டவணை என்னுடையது என்றேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. சரியாகப் படித்துச் சொல்லியிருந்தாலும் இருபது வருஷ நண்பனுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கத்தான் போகிறார் என்று சொல்லிப் பார்த்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். காபி குடித்துவிட்டுப் போனாள். இப்போது என்னிடம் படிப்பவர்கள் மூன்றே பிள்ளைகள். அவர்கள் நோட்டில் 'செவரல்' என்பதற்கு நேரே 'பல' என்று எழுதி, பக்கத்திலேயே 'தனித்தனி' என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் வராதே ஸார் என்கிறான் ஒரு பையன்.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஃபைல் இல்லை, செல்போன். காணாமல் போயிருந்த நண்பரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. 'ப்ளீஸ் கிவ் மீ ஃபியூ டேஸ்.' அதைத் தாண்டி ஒரு எழுத்து இல்லை.

"இதுல 'அ' இல்லையே ஸார்," என்றார். "நீங்க சொன்ன கணக்குப்படி பார்த்தா, நாளே இல்லைன்னு ஆகுது. வராதுன்னு எடுத்துக்கவா?"

நண்பரும் நம் ஊர்க்காரர்தான், 'அ' போடாமல் எழுதியிருப்பார், சில நாள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறார் என்றேன்.

"சில நாள்னா எத்தனை நாள் ஸார்?"

அதற்கு என்னிடம் அட்டவணை இல்லை. தேதி போட்டு எழுதித்தரச் சொல்லிப் பதில் அனுப்பினோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.